ஆர்15 வி3-க்கு அடுத்து என்ன? ஏற்காடு, கொல்லிமலை, பெங்களூரு மூணுக்கும் ஒத்துவர்ற ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வேணும்

தொப்பூர் காற்று (சேலம்):

எல்லாருக்கும் வணக்கங்க. என்கிட்ட இருக்கிறது யமஹா ஆர்15 வி3, நீலக் கலர். 2018-ல அந்த மாடல் வந்த வருஷமே எடுத்தது. ஓடோமீட்டர் அறுபதாயிரத்தைத் தாண்டிடுச்சு, எஞ்சினை இன்னைக்கு வரைக்கும் பிரிக்கல. இந்த வண்டி மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. எஞ்சின் 7,400 ஆர்பிஎம்-ல (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) விவிஏ, அதாவது வால்வு திறக்கிற விதத்தை மாத்துற அமைப்பு, மாறுறப்ப சத்தமும் மாறும், இழுப்பும் மாறும். அந்த ஒரு இடத்துக்காகவே ஏற்காடு அடிவாரத்துல இருந்து கியரைக் கூட்டாம இழுத்துக்கிட்டுப் போவேன். குப்பனூர் பக்கமா இறங்கினா முன்சக்கரம் நம்ம நினைச்ச கோட்டுல அப்படியே போகும். வளைவுல பைக்கைச் சாய்க்கக் கத்துக்கிட்டதே இதுலதான்.

அப்புறம் எதுக்கு வேற வண்டின்னா, ரெண்டு இடத்துல தேவை கூடிப்போச்சு. ஒண்ணு, பெங்களூரு ரோடு. செவ்வாய்ப்பேட்டையில எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. வேலையா மாசாமாசம் பெங்களூரு போயாகணும். பஸ்ஸு, ட்ரெயின்னு இருந்தாலும் நான் பைக்லதான் போவேன், எனக்குக் கிடைக்கிற நிம்மதியே அதுதாங்க. தொப்பூர் ஏத்தத்துல லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டா ரெண்டு கியர் குறைச்சுத் திருகினாத்தான் 155 சிசி நகரும். ரெண்டாவது, கல்யாணம் ஆயிருச்சு. வீட்டுக்காரம்மாவுக்கும் பைக் பயணம் பிடிக்கும், என்னை விடவே பிடிக்கும்னு சொல்லலாம். கொல்லிமலைக்கு ரெண்டு பேரா போறப்ப அடிவாரத்துல இருக்கிற காரவள்ளி தாண்டினதுமே 19 பிஎஸ் சக்தி எவ்வளவுன்னு தெரிஞ்சுடுது. ஆர்15 பின்சீட்டும் அவங்களுக்கு ரொம்ப உசரம்.

என் உயரம் அஞ்சடி ஆறு அங்குலம். தினமும் அஸ்தம்பட்டி டு செவ்வாய்ப்பேட்டை டிராஃபிக்ல ஓட்டணும். ஆன் ரோடு அஞ்சு லட்சத்துக்குள்ள பார்க்கிறேன். மனசுல இருக்கிறது: டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, கேடிஎம் ஆர்சி 390, கவாசாகி நிஞ்ஜா 300, யமஹா ஆர்3, அப்ரிலியா ஆர்எஸ் 457. நேக்கட் பைக் வாங்குன்னு தயவுசெஞ்சு யாரும் சொல்லாதீங்க, எனக்கு ஃபேரிங் (எஞ்சினை மூடுற வெளிக்கவசம்) வச்ச வண்டிதான் வேணும். கையில வச்சு ஓட்டினவங்க சொல்லுங்க: சிங்கிள் சிலிண்டரா, ட்வின் சிலிண்டரா? ஆர்15-ஐ எக்ஸ்சேஞ்ச்ல கொடுக்கிறதா, வச்சுக்கிறதா?

எழுபது வளைவு (நாமக்கல்):

தம்பி, நானும் ஆர்15-ல் தொடங்கியவன்தான், என்னுடையது வி2. இப்போது ஆர்ஆர் 310 ஓட்டுகிறேன். அதற்காக என் வண்டியையே வாங்கு என்று சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். பிஎஸ் எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு, டார்க் (எஞ்சினின் திருகு விசை) எந்த ஆர்பிஎம்-ல் உச்சத்துக்கு வருகிறது என்று பாருங்கள். உங்கள் இரண்டு தேவைகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

நிஞ்ஜா 300-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 39 பிஎஸ், ஆனால் 26.1 நியூட்டன் மீட்டர் வருவது 10,000 ஆர்பிஎம்-ல். ஆர்3 42 பிஎஸ், 29.5 நியூட்டன் மீட்டர், 9,000-ல். புதிய ஆர்ஆர் 310 (2024-ல் வந்தது) 38 பிஎஸ், 29 நியூட்டன் மீட்டர், 7,900-ல். ஆர்சி 390-யில் 43.5 பிஎஸ், 37 நியூட்டன் மீட்டர், 7,000-ல். ஆர்எஸ் 457-ல் 47.6 பிஎஸ், 43.5 நியூட்டன் மீட்டர், அதுவும் 6,700-லேயே.

காரவள்ளியில் இருந்து செம்மேடு வரை 70 கொண்டை ஊசி வளைவு. பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது யாரும் 10,000 ஆர்பிஎம்-ல் வளைவை விட்டு வெளியே வரமாட்டோம். நாலாயிரம், ஐயாயிரத்தில் இருப்போம். அந்த இடத்தில் த்ராட்டிலைத் திறந்தால் வண்டி என்ன கொடுக்கிறது என்பதுதான் கேள்வி. நிஞ்ஜாவும் ஆர்3-யும் மேலே போகப் போகப் பாடும் எஞ்சின்கள். தனியாக ஓட்டுபவனுக்கு அது பெரிய சந்தோஷம், ஆர்15-ல் விவிஏ-வை ரசித்த உங்களுக்கு ரொம்பவே பிடிக்கும். ஆனால் இருவராக மலை ஏறும்போது கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது ஆர்15-ல் செய்கிற அதே வேலை, கொஞ்சம் வேகமாக.

சிங்கிள், ட்வின் விஷயம். சிங்கிள் என்றால் ஒரே பெரிய பிஸ்டன், ஒவ்வொரு அடியும் கனமாக விழும். கீழே நல்ல இழுப்பு இருக்கும், மேலே போனால் ஃபுட்பெக்கிலும் ஹேண்டில் பாரிலும் அதிர்வு தெரியும். அது அந்த எஞ்சினின் இயல்பு. ட்வினில் இரண்டு சின்ன பிஸ்டன் வேலையைப் பகிர்ந்துகொள்கிறது, நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகப் போனாலும் கை மரத்துப்போகாது. ட்வினிலும் இரண்டு ஜாதி உண்டு. நிஞ்ஜா, ஆர்3 எல்லாம் 180 டிகிரி க்ராங்க்: ஒரு பிஸ்டன் மேலே என்றால் இன்னொன்று கீழே. ஆர்எஸ் 457 270 டிகிரி. அதில் வெடிப்புகளின் இடைவெளி 270, 450 டிகிரி என்று மாறி மாறி வருவதால் வி-ட்வின் மாதிரியே ஒரு துடிப்பு இருக்கும். பின்சக்கரம் ரோட்டைப் பிடிப்பது உடம்புக்கே தெரியும். ஐந்தில் ஒரு எஞ்சினைத் தனியாக எடுத்து வைத்துக்கொள் என்றால் நான் தயங்காமல் அதைத்தான் எடுப்பேன்.

நெடுஞ்சாலைக்காரி (திருச்சி):

எழுபது வளைவு அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனா ஆர்3-யைக் கொஞ்சம் சுருக்கமா முடிச்சுட்டாரு, அதனால நான் பேசணும். என்னோடது 2018-ல ஏபிஎஸ்ஸோட (பிரேக் பிடிச்சா சக்கரம் பூட்டிக்காமத் தடுக்கிறது) திரும்பி வந்த ஆர்3. என் உயரம் அஞ்சடி மூணு. சீட் உயரம் 780 மிமீ, எடை 169 கிலோ. ரெண்டு காலையும் ஊனி நிக்கலாம். ஆர்15 வி3-யில சீட் 815 மிமீ, அதுல நான் ஒரு காலைத்தான் ஊனுவேன். அஸ்தம்பட்டி சிக்னல்ல தினமும் நின்னு நின்னு போறவருக்கு இது சின்ன விஷயம் இல்லீங்க.

ஆர்3-யோட க்ளிப்-ஆன் ஹேண்டில்பார் உங்க ஆர்15 அளவுக்குக் கீழ இருக்காது. மணிக்கட்டு மேல உடம்பு பாரம் இறங்காது. திருச்சியில கிளம்பி மதுரை தாண்டிப் போய்க்கிட்டே இருந்தாலும் தோள் வலிக்காது. எஞ்சின் அவ்வளவு மென்மை. 2023 டிசம்பர்ல திரும்ப வந்தப்ப ஷோரூம் விலையே 4.65 லட்சம்னு இருந்ததால நிறைய பேர் கண்டுக்காமப் போயிட்டாங்க. 2025 தொடக்கத்துல 3.60 லட்சத்துக்குக் குறைச்சாங்க. அதுக்கப்புறம் வரியும் குறைஞ்சுது. இப்ப அது வேற வண்டியாத்தான் பார்க்கணும்.

அதுல இல்லாததையும் சொல்லிடுறேன். பின்சக்கரம் வழுக்கிச் சுத்தாமத் தடுக்கிற ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் இல்ல, ரைடு மோட் இல்ல, க்ளட்ச் பிடிக்காமக் கியர் மாத்துற க்விக்‌ஷிஃப்டர் இல்ல. ஆர்சி 390-யில வண்டி சாயுற கோணத்தை அளந்து வேலை செய்யுற ஏபிஎஸ்ஸும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோலும் இருக்கு. மழையில மலை ஏறுறவங்களுக்கு அது நிஜமான பாதுகாப்பு.

ஒரு வேண்டுகோள். வீட்டுக்காரம்மாவுக்குப் பிடிக்கும்னு எழுதியிருக்கீங்க, ஆனா வண்டி பார்க்கப் போறப்ப அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. ஸ்போர்ட்ஸ் பைக் பின்சீட்டு எதுவுமே சோஃபா இல்ல. காலை எவ்வளவு மடக்கி வைக்க வேண்டியிருக்கு, பிரேக் பிடிச்சா எதைப் பிடிச்சுக்கிறது, இதெல்லாம் உட்கார்ந்து பார்த்தவங்கதான் சொல்ல முடியும். நின்ன இடத்துல உட்கார்ந்தா பத்தாது, ஒரு ரவுண்டு போயிட்டு வரச் சொல்லுங்க.

பற்று வரவு (ஈரோடு):

பைக்கைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் பணத்தைப் பற்றி மட்டும். 22 செப்டம்பர் 2025 முதல் 350 சிசி என்பது ஒரு கோடு. அதற்கு உட்பட்ட வண்டிக்கு ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாக இறங்கியது. மேலே உள்ளவற்றுக்கு, செஸ்ஸோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆனது. உங்கள் பட்டியலில் ஆர்ஆர் 310, நிஞ்ஜா 300, ஆர்3 மூன்றும் கோட்டுக்குக் கீழே. ஆர்சி 390-யும் ஆர்எஸ் 457-உம் மேலே. வரிக்கு முன் 3 லட்சம் ஆகும் வண்டி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்: கீழே இருந்தால் 3.54 லட்சம், மேலே இருந்தால் 4.20 லட்சம். சிலர் கூடின வரியைத் தாங்களே ஏற்றுக்கொண்டு பழைய விலைக்கு விற்றதும் உண்டு, அதனால் ஷோரூமில் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்சிலும் அதே 350 கோடுதான். புது வண்டிக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டியை ஒன்றாகக் கட்ட வேண்டும். 2022-ல் அறிவித்த கட்டணப்படி 150-க்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய், 350-ஐத் தாண்டினால் 15,117 ரூபாய், வரி தனி. சாலை வரி நம் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட எல்லா பைக்குக்கும் 12 சதவீதம், அதில் சிசி பார்ப்பதில்லை. ஆனால் விலை கூடினால் அந்த 12-ம் கூடும். மொத்தத்தில் அஞ்சு லட்சத்துக்குள் ஆர்எஸ் 457-ஐ ரோட்டில் இறக்குவது மிகவும் இறுக்கமான கணக்கு. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் இருவருக்கும் வாங்க வேண்டுமென்றால் அதையும் இதிலேயே சேர்த்துப் போடுங்கள்.

செட்டிபாளையம் ட்ராக் (கோவை):

ஆர்15-ஐக் கொடுக்காதீங்க. இதைச் சொல்லத்தான் லாகின் பண்ணினேன்.

எக்ஸ்சேஞ்ச்ல அறுபதாயிரம் கிமீ ஓடின வண்டிக்குக் கிடைக்கிற காசைக் கேட்டா உங்களுக்கு வருத்தமாத்தான் இருக்கும். ஆனா அந்த வண்டியோட உண்மையான மதிப்பு வேற. 140 கிலோவையொட்டின எடை, முறுக்கிக்காத டெல்டாபாக்ஸ் ஃப்ரேம், கியரைச் சட்டுனு குறைச்சாலும் பின்சக்கரம் துள்ளாமத் தடுக்கிற ஸ்லிப்பர் க்ளட்ச். எங்க ஊரு ரேஸ் ட்ராக்கான கரி மோட்டார் ஸ்பீட்வேல ட்ராக் டே (சொந்த வண்டியை ட்ராக்ல ஓட்ட விடுற நாள்) நடக்குறப்ப வந்து பாருங்க. பெரிய வண்டிக்காரங்க நேர்கோட்டுல முன்னாடி போவாங்க, வளைவுல ஆர்15 பசங்க பின்னாலயே வந்து ஒட்டிக்குவாங்க. 19 பிஎஸ் வண்டியில நேர்கோட்டுல திருகி வேகத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால வளைவுக்குள்ள வேகத்தை விடாமக் காப்பாத்தக் கத்துக்குவீங்க. எங்க பிரேக்கை விடணும், பார்வை எங்க இருக்கணும், வெளி காலால டேங்க்கை எப்படி இறுக்கணும், எல்லாம் அதுலதான் படியும். அதைக் கத்துக்கிட்டு 40 பிஎஸ்-க்குப் போறவன் வேற மாதிரி ஓட்டுவான். இருங்காட்டுக்கோட்டை மெட்ராஸ் ட்ராக்குக்கும் ஒரு தடவை போயிட்டு வாங்க. 3.7 கிமீ நீளம், அங்க தெரியும் உங்க வண்டி எவ்வளவு தூரம் வரும்னு.

புது வண்டியை ட்ராக்ல போட்டா, விழுந்தா ஃபேரிங் மட்டுமே எவ்வளவு ஆகும்னு மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். பயத்தோட ஓட்டினா கத்துக்க முடியாது. ஆர்15-க்கு நல்ல ரேடியல் டயர், புது பிரேக் பேட், ஃப்ரெஷ் பிரேக் ஆயில். அவ்வளவு போதும்.

சேலத்துல இருந்து கோவை ரொம்பத் தூரம் இல்ல. வாங்க, என்கிட்ட ஆர்சி 390 இருக்கு, உட்கார்ந்து பாருங்க. ஐந்துல வளைவுக்குள்ள திரும்புறது அதுதான் கூர்மை. ஆனா நேர்மையாச் சொல்றேன், ரெண்டு பேரா கொல்லிமலை போற குடும்பத்துக்கு அதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். அது தனியா ஓட்டுறவனுக்கான வண்டி.

தொப்பூர் காற்று (சேலம்):

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இவ்வளவு பொறுமையா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. அக்கா சொன்னபடி ரெண்டு பேருமா போய் ஆர்3, ஆர்ஆர் 310, ஆர்எஸ் 457 மூணையும் ஓட்டிப் பார்த்துட்டு வந்துட்டோம். அதை இங்க எழுதிடுறேன், அடுத்து இதே கேள்வியோட வர்றவங்களுக்கு உதவும்.

ஆர்3-யில உட்கார்ந்த உடனே வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சு. யமஹாக்காரனுக்கு யமஹா சுவிட்ச் எல்லாம் கை தேடிப் போற இடத்துலயே இருக்கு. எஞ்சின் அவ்வளவு வழுவழுன்னு ஓடுது, ஒன்பதாயிரத்துக்கு மேல அது போடுற சத்தம் தனி. என்கிட்ட வேற வண்டி எதுவுமே இல்லாம, தனியாளா இருந்திருந்தா அங்கயே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன். ஆனா வீட்டுக்காரம்மாவை ஏத்திக்கிட்டு ஒரு மேம்பாலம் ஏறிப் பார்த்தேன். எழுபது வளைவு அண்ணன் சொன்னது அப்படியே நடந்துச்சு, நாலாவதுல இருந்து மூணாவதுக்கு வந்தாத்தான் இழுக்குது.

ஆர்எஸ் 457. என்னங்க வண்டி அது! அலுமினிய ஃப்ரேமைப் பக்கத்துல நின்னு பார்க்கவே மனசு நிறையுது. ஐயாயிரத்துல த்ராட்டிலைத் திறந்தா யோசிக்கவே விடாது, கிளம்பிடுது. அந்த 270 டிகிரி சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதை ஓட்டிட்டு வந்து மூணு நாள் தூக்கம் சரியா இல்ல. ஆனா ஆன் ரோடு விலை அஞ்சைத் தாண்டிச்சு, பற்று வரவு சார் சொன்னதேதான். ரெண்டு பேருக்கும் ஜாக்கெட், பூட்ஸுன்னு சேர்த்தா இன்னும் மேல போகுது. பட்டறையில தீபாவளி ஆர்டர் நேரம், வெள்ளி விலை இருக்கிற இருப்புல அந்த அளவுக்குப் பணத்தை வெளியே எடுக்க எனக்கு மனசு வரல. இன்னொண்ணு, அவங்க பின்சீட்டுல உட்கார்ந்துட்டு "ஏற்காடு வரைக்கும் ஓகே, பெங்களூரு வேண்டாம்"னு சொல்லிட்டாங்க.

ஆர்ஆர் 310 மேல எனக்குப் பெரிசா எதிர்பார்ப்பு இல்லாமத்தான் போனேன். ஓட்டினதும் எண்ணம் மாறிடுச்சு. எஞ்சினைப் பின்னால சாய்ச்சு, அதோட தலைப்பகுதியை முன்பின்னாத் திருப்பி வச்சிருக்காங்க இல்ல, காத்து முன்னால உள்ள போய் புகை பின்னால நேரா வெளிய வர்ற அமைப்பு, அதனால எடை முன்சக்கரத்துக்குப் பக்கத்துல விழுது. 174 கிலோ வண்டின்னு வளைவுல தெரியல, ஆர்15-ல பழகின கைக்கு ஒரு ரவுண்டுலயே புரிஞ்சுடுச்சு. மேம்பாலத்துல நாலாவதுலயே ஏறிச்சு. அர்பன் மோடுல போட்டா டிராஃபிக்ல அடக்கமா இருக்கு, ஸ்போர்ட்ல போட்டா குணமே மாறுது. மேல அதிர்வு இருக்குங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன், ட்வினோட மென்மை இதுல வராது. ஆனா நான் போற வேகத்துக்கு அது தொந்தரவா இல்ல. பின்சீட்டு அவங்களுக்கு மூணுல இதுதான் பிடிச்சுது. வண்டி செய்யுறதும் ஓசூர்ல, நான் மாசாமாசம் தாண்டிப் போற ஊரு.

அதனால முடிவு: ஆர்ஆர் 310, டைனமிக் கிட்டோட. முன்னாலயும் பின்னாலயும் சஸ்பென்ஷனை நம்ம எடைக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம்ங்கிறதுக்காகத்தான் அந்தக் கிட். ஆர்எஸ் 457-க்கும் இதுக்கும் உள்ள வித்தியாசப் பணத்துல ரெண்டு பேருக்கும் ஹெல்மெட்டுல இருந்து பூட்ஸ் வரைக்கும் நல்லதா எடுக்கிறோம். ஆர்15 கொடுக்கல. செட்டிபாளையம் நண்பா, தீபாவளி வேலை முடிஞ்சதும் கரிக்கு ஆர்15-லயே வர்றேன். எழுபது வளைவு அண்ணா, டைனமிக் கிட்டை ரெண்டு பேருக்கு எப்படி செட் பண்றதுன்னு மட்டும் சொல்லிடுங்க.

எழுபது வளைவு (நாமக்கல்):

நல்ல முடிவு தம்பி. இருவரும் உட்கார்ந்து பார்த்து எடுத்த முடிவு, அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

முதல் ஆயிரம் கிமீ ரன்-இன் முடியும் வரை சஸ்பென்ஷனைத் தொடாதீர்கள், கொடுத்த செட்டிங்கிலேயே ஓட்டுங்கள். அதற்குப் பிறகு பின் மோனோஷாக்கின் ப்ரீலோடில் (ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) இருந்து தொடங்குங்கள். வண்டியை ஆள் இல்லாமல், பின்சக்கரம் தரையில் அழுந்தாதபடி தூக்கி நிறுத்தி, பின் ஆக்ஸிலுக்கும் சீட்டுக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட புள்ளிக்கும் இடையே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு நீங்கள் மட்டும் உட்கார, இன்னொருவர் அளக்கட்டும். 30-ல் இருந்து 35 மிமீ வரை அமுங்கினால் சரி. அந்த க்ளிக் எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்து வீட்டுக்காரம்மாவும் ஏறி உட்காரட்டும். ரொம்ப அமுங்கும், திரும்ப அதே அளவுக்குப் பக்கத்தில் வரும் வரை ப்ரீலோடைக் கூட்டுங்கள். அது இரண்டாவது எண். ப்ரீலோடு கூடினால் ஸ்ப்ரிங் வேகமாகத் திரும்பி எழும், அதனால் அந்த வேகத்தை அடக்கும் ரீபவுண்டையும் ஓரிரு க்ளிக் இறுக்க வேண்டும். முன் ஃபோர்க்கில் இருவருக்காகப் பெரிதாக எதுவும் மாற்ற வேண்டியதில்லை, கூடும் எடை பின்னால்தான் விழுகிறது. டயர் காற்று இருவருக்கு எவ்வளவு என்று மேனுவலில் தனியாகப் போட்டிருக்கும், அதை மலை ஏறும் முன் டயர் சூடாகாதபோது பாருங்கள்.

கரிக்குப் போகும் முன் ஆர்15-ல் முன் ஃபோர்க் ஆயிலையும் ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். ஹேண்டில் திரும்ப உதவும் கோன் செட் பேரிங்கையும் மெக்கானிக்கிடம் ஒருமுறை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அறுபதாயிரம் கிமீ ஆன வண்டியில் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் தடுமாறினால் முக்கால்வாசி காரணம் இந்த இரண்டில்தான் இருக்கும்.